எச்சில் ரெகுலேட்டர்

கடலடியில் என் துணை ஓர் அக்கா. பத்து பாகாட் நகரில் தையல் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். சனிக்கிழமைகளில் அவர் வீட்டு வாசலில், காரை நகர்த்திவிட்டு, டைவிங் சாமான்களைப் பரப்பி வைத்துச் சண்டை போடுவோம். கீழே ஒருவருக்குக் காற்று தீர்ந்துபோனால் மற்றவர் எதைக் கொடுப்பது என்பதுதான் சண்டை. டேங்கிலிருந்து வாய்க்குக் காற்று தரும் ரெகுலேட்டரில், நெஞ்சில் மாட்டியிருக்கும் ஸ்பேரை என்பது என் கட்சி. வாயில் கவ்வியிருப்பதையே உருவிக் கொடு, அதற்கு நீள ஹோஸ் குழாய் போடு, ஸ்பேரை ரப்பர் வளையத்தில் தாடைக்குக் கீழே தொங்கவிட்டு நீ வைத்துக்கொள் என்பது அவர் கட்சி.

"எச்சில்க்கா," என்றேன்.

"வேல செய்யுதுன்னு நிச்சயமா தெரிஞ்சது உன் வாயில உள்ளது ஒன்னுதான் லா. ஸ்பேர யாரு பாத்தா?"

ஆனாலும் நான் விடாக்கண்டன், ஒத்துக்கொள்ளவில்லை.

மெர்சிங்கில் படகேறித் தீவுப் பக்கம் இறங்கிய ஒரு நாள், பதினைந்து மீட்டர் ஆழத்தில் அவருடைய ரெகுலேட்டர் பழுதாகிக் காற்றை வெளியே கொட்டத் தொடங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே டேங்க் காலி. கழுத்தின் குறுக்கே கையை இழுத்துக் காட்டினார். நான் நெஞ்சைத் தடவினேன். ஸ்பேர் எப்போதோ கழன்று, பின்னால் மணலில் இழுபட்டுக்கொண்டிருந்தது. வேறு வழியின்றி வாயில் இருந்ததை உருவி நீட்டினேன். அவர் நிதானமாக வாங்கிக் கவ்வினார். ஸ்பேரை இழுத்து, பொத்தானை அழுத்தி மணலை ஊதித் தள்ளிவிட்டு நான் வைத்துக்கொண்டேன். ஆனாலும் பல்லில் நறநறத்தது.

என் ஹோஸ் குட்டை. முகத்தோடு முகம் இடித்தபடி மேலேறினோம். அவர் கண்ணில் பயம் இருந்தது. ஆனால் என் தோளைப் பற்றிய கையில் பதற்றம் இல்லை. மெதுவாக, மெதுவாக என்று மறு கையால் எனக்குச் சைகை காட்டிக்கொண்டே வந்தார். காற்று தீர்ந்தது அவருக்கு, தைரியம் சொன்னதும் அவர்தான். அப்படியொரு மனுஷியை நான் பார்த்ததில்லை.

படகில் என் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தேன். அண்ணாந்து, உதடு படாமல் குடித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னக்கா, இப்ப மட்டும் எச்சிலா?"

அவர் போத்தலை மூடித் திருப்பித் தந்தார்.

"எனக்கும் அருவருப்புதான் தம்பி. கீழ போயி அத யோசிச்சிக்கிட்டு நிக்கக் கூடாதுன்னுதான் வீட்டுல உன்கூட அவ்வளவு சண்ட போட்டேன்."