கணேசண்ணையின் வரிக்கத்தி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வாய்க்காலில் நின்று மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தேன். சைக்கிளில் வந்த கடைக்காரர் காலை ஊன்றி நின்று, "கணேசண்ணை விடியப்புறம் மோசம் போயிட்டார்" என்றார். செத்துப்போனார் என்று கேட்டு அழுகை வருமுன், அவருடைய கத்தியை யாரும் ஈரத்தோடு வைத்துவிட்டார்களோ என்ற யோசனைதான் எனக்கு வந்தது. அதற்காக நான் வெட்கப்படவில்லை. அவரும் அதைத்தான் முதலில் விசாரித்திருப்பார்.

எங்கள் ஊர் உருத்திரபுரத்தில் அவர் காய் வெட்டிக் கொடுத்த கறியைச் சாப்பிடாதவர்கள் குறைவு. வயல் செய்தது வயிற்றுக்கு. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் காய்வெட்டுக்குத் தலைமை தாங்கியது மனதுக்கு. அந்தக் கத்தி, கப்பலில் வேலை செய்த மச்சான் ஜப்பானிலிருந்து கொண்டுவந்தது. இரண்டு வகை உருக்கை மடித்து மடித்து அடித்ததாம். அலகு முழுக்க வாய்க்கால் தண்ணீர் போல வரி நெளியும். வெட்டி முடிந்த கையோடு கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு விரல் தேங்காயெண்ணெய் பூசி, பழைய சாரத் துண்டில் சுற்றி வைப்பார். எலுமிச்சைப் புளி உருக்கைத் தின்னும் என்று தேசிக்காயை அதன் கிட்டவும் விடமாட்டார்.

எண்ணெய் தட்டுப்பாடான காலத்தில், "பிள்ளையளின்ர தலைக்கே எண்ணெய் இல்லை, உங்கட கத்திக்கு வேணுமோ?" என்று மனைவி ஏசுவார். அண்ணை தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, "என்ர பங்கைத்தானேயப்பா அதுக்குக் குடுக்கிறன்" என்பார்.

சண்டைக்கு இடம்பெயர்ந்து துணுக்காயில் எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே கொட்டிலில் இருந்தபோது அவருக்கு மலேரியா வந்தது. நடுங்கிக்கொண்டே கத்தியை என்னிடம் தந்தார். மழைக்காலம், நானோ மறதிக்காரன். நாலாம் நாள் பிரித்துப் பார்த்தால் அலகில் துருப்புள்ளிகள். அடுத்த நாள் பக்கத்துக் கொட்டிலில் கலியாணம், அதற்குக் காய்வெட்டு நான் பிரித்த அன்றைக்கே பின்னேரம். வீட்டுக் கத்திக்குச் செய்வதுபோல் செங்கல் தூளும் தேங்காய்ப் பொச்சு நாரும் எடுத்து உரஞ்சினேன். துரு போனது. கூடவே வரியும் போனது. அலகு புதுத் தட்டம் போல மினுங்கியது. இனி அவர் முகத்தில் எப்படி முழிப்பது?

"அண்ணை, நான் நாசமாக்கிப்போட்டன்" என்று நீட்டினேன். காய்ச்சல் விட்டு எழும்பியிருந்த மனிதர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "எடேய் மணியம், நாலு தேசிக்காய் எடுத்துக்கொண்டு வா" என்றார்.

"அது ஆகாதெண்டு நீங்கள்தானே..."

"சும்மா நாளில ஆகாது. இண்டைக்கு அதுதான் மருந்து. வரி மேல கீறினதில்லையடா, உருக்குக்குள்ள ஓடுது. உன்ர செங்கல்லுக்கு அது சாகாது. புளி பட்டா ஒரு உருக்குக் கறுக்கும், மற்றது வெளுப்பா நிக்கும்."

சாம்பலால் எண்ணெய்ப் பசை போகக் கழுவினோம். அவர் சாற்றைப் பூசினார், பொறுத்திருந்து துடைத்தார், மறுபடி பூசினார். வெய்யில் சாயும்போது மங்கலாக ஒரு வரி தெரிந்தது. பிறகு இன்னொன்று. நான் சின்னப்பிள்ளை மாதிரிக் கத்திவிட்டேன். நாலு தேசிக்காயும் முடிந்துபோக, நுனியில் இரண்டு விரல் அகலம் மட்டும் வெறுமையாக நின்றது; அதை அவர் கடைசிவரை திருத்தவில்லை. அன்று பின்னேரமே அந்தக் கத்தியால் பூசணிக்காய் வெட்டினார்.

அன்று தொடங்கிய பகிடி ஊர் திரும்பியும் ஓயவில்லை. எந்தக் காய்வெட்டிலும் நுனியைத் தூக்கிக் காட்டி, "இது மணியத்தின்ர காணி. ஒண்டும் முளைக்காது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். என்னைத் தன் பக்கத்திலேயே இருத்தி, பாதிக் காயை என் பக்கம் தள்ளிவிடுவார். ஒருநாள்கூட அவர் அதைக் கோபமாகச் சொன்னதில்லை.

செத்தவருக்குப் படைக்கும் எட்டுச் செலவன்று காய் வெட்ட நாங்கள் கூடினோம். அவர் இருக்கும் இடத்தில் ஒருவரும் இருக்கவில்லை. மகள் வதனி சாரத் துண்டுப் பொதியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"காணிக்காரனிட்டக் குடு எண்டு அப்பா சொன்னவர், மாமா."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவருடைய இடத்தில் இருந்து வெட்டினேன். முடிந்ததும் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசினேன். எண்ணெயில் என் பங்கை இனிக் கத்திக்குக் கொடுக்க வேண்டும். எனக்கு இன்னும் தலைமயிர் இருக்கிறது, பரவாயில்லை. கணேசண்ணையிடமிருந்து எனக்கு வந்த சொத்து அந்த இரண்டு விரல் காணி. அதைத் தேசிக்காய் போட்டு இனி நான் திருத்தப்போவதில்லை.