மயிலை விழும்

எது ஜெயிக்கும் என்று எழுதுவது பாதி வேலைதான். எழுதியதை யாராவது நம்பித் தொலைத்துவிடுவார்களோ என்று நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மீதி வேலை. மழை வரும், வராது என்று சொல்லிப் பிழைப்பவர்களே, தேர்தல் முடிவு சொல்லி அடிவாங்குகிறவர்களே, கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். நானும் உங்கள் கூட்டம்தான். எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டே, சீமையில் நடக்கும் வேலி தாண்டும் குதிரை ரேஸ்களுக்கு செஞ்சியில் உட்கார்ந்து தமிழில் கணிப்பு எழுதுகிறேன். சாதா ரேஸ் மாதிரி தட்டை மைதானத்தில் ஓடிவிட்டுப் போவதில்லை இது. மார்பளவு வேலிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டிக்கொண்டு மைல் கணக்கில் ஓட வேண்டும். ஜெயிப்பது அப்புறம், முழுசாக வந்து சேர்வதே பெரிய விஷயம்.

குதிரை ஊர்க்காரி

வேலை கொடுத்தது சென்னையில் ஒரு விளையாட்டு இணையதளம். வாசகர்கள் கணிப்பைப் பதிந்து புள்ளி சேர்ப்பார்கள், காசு கிடையாது. முதல் போன் பேச்சிலேயே அதை மூன்று விதமாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். "காசு வைத்து ஆடுகிற இடம் என்றால் எனக்கு வேண்டவே வேண்டாம்" என்று ஆரம்பித்து, ஒரு பேச்சுப் போட்டிக்குத் தேவையான அளவு பேசியும் விட்டேன். எடிட்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு எந்த ஊர் என்றார். செஞ்சி என்றேன். அதற்கு மேல் அவர் என் படிப்பைக் கேட்கவில்லை, எழுதிக் காட்டச் சொல்லவில்லை.

எங்கள் ஊர் ராஜாவும் அவர் குதிரையும் கதையாகிப் பல தலைமுறை ஆகிறது. நான் வாழ்நாளில் தொட்ட ஒரே குதிரை மெரினாவில் சவாரிக்கு நிற்பது, அதிலும் வாலை மட்டும். அதைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். எடிட்டர் முந்திக்கொண்டார்: "செஞ்சியா! அப்ப ரத்தத்துலயே இருக்கும் மேடம், நாளைக்கே ஆரம்பிச்சிடுங்க."

சேடை

வேலி தாண்டும் ரேஸ் எல்லாம் அங்கே குளிர்காலத்தில்தான், மழையில்தான். தரை எப்படி இருக்கிறது என்பதில்தான் பாதிக் கணிப்பு. ஆங்கிலத்தில் அதற்குப் படிப்படியாகச் சொற்கள் வைத்திருக்கிறார்கள். 'கனமான தரை' என்று எழுதினால் தமிழில் ஒரு மண்ணும் புரியாது. குதிரைக்கால் முட்டி வரை புதைகிற அந்தச் சகதிக்கு எங்கள் பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது. நாற்று நடுவதற்குத் தண்ணீர் கட்டி உழுது குழப்பி வைத்த கழனி, சேடை. அதையே போட்டேன். குதிரைகளின் நீள நீளமான சீமைப் பெயர்களையும் தூக்கிவிட்டு, மாட்டுக்குச் சொல்வது மாதிரி நிறத்தைப் பெயராக்கினேன். சிவப்பு என்றால் செவலை, சாம்பல் வெள்ளை என்றால் மயிலை.

எடிட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. நான் விடவில்லை, மதியச் சாப்பாடு ஆறுகிற வரைக்கும் போனில் வாதாடி ஜெயித்தேன். அன்று சாயங்காலம் தளவானூரிலிருந்து ஒரு விவசாயி கட்டுரைக்குக் கீழே எழுதியிருந்தார்: "சேடையில மாடே தத்தளிக்கும், குதிரையை உட்டு வேலி தாண்டச் சொன்னவன் எவம்மா, அவன் வூட்டு அட்ரஸைக் குடு."

பச்சைத் திரை

எழுதினால் மட்டும் போதாது, ரேஸைப் பார்த்தாக வேண்டும். அங்கே மத்தியானம் என்றால் இங்கே விளக்கு வைக்கும் நேரம். ஒருநாள் நான் ஜெயிக்கும் என்று எழுதிய செவலை, நடு வேலியில் கால் தட்டிக் குப்புற விழுந்தது. எழுந்திருக்கவில்லை. ஆட்கள் ஓடிவந்து சுற்றிலும் பச்சைத் திரையைப் பிடித்தார்கள். திரை பிடித்தால், தேறாத குதிரையை அதன் மறைவில் கொன்றுவிடப்போகிறார்கள் என்று அர்த்தம், ஏற்கெனவே படித்திருந்தேன். மற்ற குதிரைகள் ஓடி முடித்தன, யாரோ ஜெயித்தார்கள், எனக்கு அந்தத் திரையைத் தவிர எதுவும் தெரியவில்லை. அதோடு கரண்ட் போய், வைஃபையும் போனது.

திரும்ப வரும்வரை நான் பட்ட பாட்டை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். ஜெயிக்கும் என்று நான் எழுதியதற்கும் அது விழுந்ததற்கும் சம்பந்தமில்லை என்று எனக்கே நான் வாதாடிப் பார்த்தேன். என்னிடமே தோற்றேன். கடைசியில் கரண்ட் வந்தது, திரை விலகியிருந்தது, செவலை எழுந்து நின்று உடம்பை உதறிக்கொண்டிருந்தது. நான் அழ ஆரம்பித்தேன். தட்டில் சோறு காய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்து அம்மா கேட்டாள்: "ஏண்டி, அதான் எழுந்துகிச்சே, இன்னமும் இன்னாத்துக்கு அழுவற, அதுக்கு நீயா லாடம் அடிச்ச?"

வானிலை அறிக்கை

அதற்குப் பிறகு என் எழுத்தில் 'கூடும்'கள் பெருகின. ஜெயிக்கக்கூடும், தாண்டக்கூடும், மழை நின்றால் முன்னேற வாய்ப்பு உண்டு என்று எழுதினேன். பயம்தான். ஆனால் எடிட்டரிடம் அதைப் பயம் என்று ஒப்புக்கொள்ளவில்லை, அறிவு நேர்மை என்றேன். நாளைக்கு நடக்கப்போவதை இன்றைக்கே அடித்துச் சொல்வது அயோக்கியத்தனம் என்றேன். வரலாற்று மாணவி நான், நடந்து முடிந்ததையே எங்களால் அடித்துச் சொல்ல முடியவில்லை என்றேன்.

அவர் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினார். பிறகு தலைப்பு ரெண்டே வார்த்தையில் இருக்க வேண்டும், அதில் 'கூடும்' கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்: "மேடம், நீங்க எழுதறதைப் படிச்சா குடை எடுத்துக்கிட்டுப் போறதா வேணாமான்னுதான் தோணுது, எந்தக் குதிரைன்னு தோணவே மாட்டேங்குது."

இரண்டே வார்த்தை

அந்த வாரப் பெரிய ரேஸில் எல்லோர் கண்ணும் ஒரு மயிலை மேல். அழகான குதிரை. ஆனால் களைத்தால் வேலிக்கு முன்பே அவசரப்பட்டு எழும்பும். தரையோ முழுச் சேடை. கடைசி வேலியில் இதற்கு வினை இருக்கிறது என்று எனக்குப் பட்டது. பச்சைத் திரை கண்ணுக்குள் வந்து போனது. இருந்தாலும் எடிட்டர் மேலிருந்த கோபத்தில் 'கூடும்' இல்லாமல், ரெண்டே வார்த்தையில் தலைப்பு வைத்தேன்: மயிலை விழும்.

என் நைனா மினி வேன் ஓட்டுகிறார், நெல் ஏலம் போடும் மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டை ஏற்றிவரும் வண்டி. கமிட்டி வாசல் டீக்கடையில் என் கட்டுரைகளைச் சத்தமாகப் படித்துக் காட்டுவது அவர் வழக்கம் என்பதே எனக்குத் தெரியாது. அன்றைக்குத் தலைப்பை மட்டும்தான் படித்திருக்கிறார். அங்கே மூட்டை எடை போடும் ஏழுமலை மாமா, "பொட்டப் புள்ளைக்குக் குதிரையைப் பத்தி இன்னாய்யா தெரியும்?" என்று கேட்டிருக்கிறார். நைனாவுக்குச் சுருக்கென்று ஏறி, மயிலை ஜெயிக்கவில்லை என்றால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். அனந்தபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். எங்கள் பக்கத்தில் மீசை வைத்த ஆள் திடீரென்று மீசை இல்லாமல் நின்றால், வீட்டில் சாவு, கருமாதி முடித்திருக்கிறார் என்று அர்த்தம். துக்க வீட்டில் தட்டு மாற்ற யார் வருவார்கள்? செய்தி வந்ததும் அக்கா என்னை வாசலுக்குத் தள்ளினாள். நான் டீக்கடைக்கு ஓடினேன். நைனாவை ஓரமாக இழுத்து, "விழும்னா ஜெயிக்கும்னு இல்ல நைனா! கீழ விழும், தரையில விழும்!" என்றேன். அவர் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கோபத்தையும் அடக்க முடியவில்லை எனக்கு. என் மரியாதைக்கு என்னைக் கேட்காமல் எப்படி மீசையை வைக்கலாம் என்று அங்கேயே சண்டை பிடித்தேன். நைனா பாவமாகச் சொன்னார்: "சீட்டு விழுந்துதுன்றோம், லாட்டரி விழுந்துதுன்றோம், பரிசு விழுந்துதுன்றோம், குதிரை மட்டும் விழுந்தா கீழயா விழும்?"

முதலில் வந்தது

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில், என் போனை டீ பாய்லர் மேல் சாய்த்து வைத்துக் கடையே ரேஸைப் பார்த்தது. என் வாழ்நாளில் முதல் தடவையாக நான் எழுதியது பொய்யாக வேண்டும் என்று எல்லாச் சாமியையும் வேண்டினேன். மயிலை ஒவ்வொரு வேலியாக, பூனை மதில் தாண்டுவது மாதிரி தாண்டியது. முன்னுக்கு வந்தது. நைனா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், வளையல் அழுந்தியது. கடைசி வேலி. அவசரப்பட்டு எழும்பியது, மூக்கு சேடையில் இடிக்கிற மாதிரி சறுக்கியது. குதிரை நிமிர்ந்துவிட்டது. மேலே இருந்த ஆள்தான் கழுத்து வழியாகத் தரைக்குப் போனான். ஆள் இல்லாத மயிலை நிற்காமல் ஓடி, எல்லாவற்றுக்கும் முன்னால் கோட்டைத் தாண்டியது. அந்த ஆளும் எழுந்து, கால்சட்டைச் சேற்றைத் தட்டிக்கொண்டு நடந்தான்.

கடை இரண்டாகப் பிளந்தது. "ஆள் இல்லாம வந்தா செல்லாது!" என்றார் ஏழுமலை மாமா. நான் முன்னால் போய் நின்றேன். "பந்தயம் குதிரை மேலயா, ஆள் மேலயா மாமா? குதிரை விழவே இல்ல. மொதல்ல வந்துச்சா, இல்லியா?" எடை மேடையில் கல்லை வைப்பது மாதிரி ஒவ்வொரு சொல்லாக வைத்தேன். டீ மாஸ்டர் சமாதானம் செய்கிறேன் என்று, "ஆளு பாதி, குதிரை பாதி, அதால பாதி மீசை" என்றார். சிரிப்பு வெடித்தது. பாதி மீசையோடு நைனா தட்டு மாற்றுவதை நினைத்த எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

நைனா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். எதிரே இருந்த சலூனைப் பார்த்து நடந்தபடியே சொன்னார்: "எம் பொண்ணு எழுதினது விழும்னு, ஆளு விழுந்தான், அவ சொன்னது பலிச்சுது, படிச்சவன்தான்டா தப்பாப் படிச்சான்."

யார் போனது?

ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா என்னிடம் பேசி மூன்று நாளாகிவிட்டது. மீசை இருந்த இடம் மட்டும் வெளுத்து, நைனா வேறு யாரோ போல வாசலில் கைகூப்பி நின்றார். அனந்தபுரத்து வேன் வந்தது. பழத்தட்டோடு முதலில் இறங்கிய சம்பந்தி இரண்டடி வைத்தவர், நைனாவின் மேலுதட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பின்னால் வந்த அத்தனை தட்டுகளும் நின்றன. வாசல்படிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி, "யாரு போனது?" என்றார்.

நான் பதிலுக்கு முழு வாதத்தையே தயார் செய்து வைத்திருந்தேன். நைனா முந்திக்கொண்டு, அவசரத்தில் கதையை வாலிலிருந்து தொடங்கினார்: "யாரும் போவல சம்பந்தி, சீமையில ஒருத்தரு குதிரை மேலர்ந்து விழுந்துட்டாரு." சம்பந்தி தட்டைப் பக்கத்திலிருந்தவர் கையில் கொடுத்துவிட்டு, நைனாவின் தோளைத் தொட்டார்: "அடப்பாவமே, அவரு உங்களுக்கு இன்னா மொறை வேணும்?"

அக்காவே வாய்விட்டுச் சிரித்து, தட்டும் மாறி, நைனாவுக்கு மீசையும் முளைத்துக்கொண்டிருக்கிற இந்த நேரத்தில், சக கணிப்பாளர்களே, நான் கற்றதெல்லாம் ஒன்றுதான்: எது ஜெயிக்கும் என்று தமிழில் தைரியமாக எழுதலாம், எது விழும் என்று மட்டும் எழுதினால் அது சீமையில் கிளம்பி நம் வீட்டு ஆள் மேல்தான் வந்து விழும்.