தண்டவாளத்தடிக் கருங்கல்

நான் ரயில் செய்யும் விதத்தைப் பார்த்தால் சிரிப்பீர்கள். பெட்டிக்குக் கலியாண அழைப்பிதழ் அட்டை, சில்லுக்குச் சட்டைப் பொத்தான், தண்டவாளத்துக்கு விளக்குமாற்று ஈர்க்கு. யன்னல் கண்ணாடிக்கு அண்ணையின் மருந்துக் குளிசைகள் வரும் பிளாஸ்டிக் உறை. காசு கொடுத்து வாங்குவது பசை ஒன்றுதான்.

தண்டவாளத்துக்கு நடுவில் கொட்டத்தான் ஒன்றும் சரிவரவில்லை. தேயிலைச் சக்கையைக் காயவைத்துத் தூவினேன். மாரி தொடங்கியதும் பூஞ்சணம் பிடித்து நாறியது. எங்கள் ஊர்க் கல் வெள்ளைக் கல். கருங்கல் துகள் வேண்டுமென்றால் பின்வளவுக்கு அப்பால் போகும் ரயில் பாதையில்தான் பொறுக்க வேண்டும். "தோட்டத்தாலை வரேக்கை கொஞ்சம் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று அட்டைத் துண்டில் எழுதி அண்ணையிடம் நீட்டியது நான்தான். அந்தப் புத்தி எங்கிருந்து வந்ததோ!

எழுதித்தான் காட்டவேண்டும். பக்கத்தில் ஷெல் விழுந்த நாளிலிருந்து அண்ணைக்குக் காது கேட்காது. சண்டைக் காலத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போய்விட, வெறும் மேடாய்க் கிடந்த அந்த வழியால்தான் இருபது வருடத்துக்கு மேல் தோட்டத்துக்குப் போய்வந்தார். பிறகு ரயில் திரும்பி வந்தது. அவர் பாதையை மாற்றவில்லை. "கோச்சி வாற நேரம் எனக்குத் தெரியும்" என்பார்.

அன்று எனக்கு லீவு. பின்னேர ரயில் பிந்திவிட்டது. விடாமல் ஊதும் சத்தம் கேட்டுப் பின்படலைக்கு ஓடினேன். அண்ணை ரயிலுக்கு முதுகைக் காட்டி, பாதை நடுவில் குனிந்து தகரப் பேணிக்குள் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கேட்காது என்று தெரிந்தும் பைத்தியம் மாதிரிக் கத்தினேன். தற்செயலாக நிமிர்ந்தவர், நான் கைகாட்டுவதைக் கண்டு, என்னவோ ஏதோ என்று என்னை நோக்கி இறங்கி வந்தார். ரயில் காற்றில் அவர் இடுப்பில் கட்டிய சாரம் படபடத்தது.

அவர் பேணியை நீட்டினார். "இவ்வளவு காணுமோ?"

வீட்டுக்கு வந்ததும், இனிக் கல் வேண்டாம், ரோட்டாலை போங்கோ என்று பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன். ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

"சரி, கல் எடுக்கமாட்டன். ரோட்டாலை சுத்திப் போக என்ரை காலுக்கு ஏலாது. இண்டைக்கு அது பிந்தி வந்ததுதான் பிழை."

அடுத்த நாளும் அதே பாதையால்தான் போனார். எனக்கு லீவு முடிந்திருந்தது.