உள்பக்கம் திரும்பிய கேமரா

எங்கள் வண்டியில் மூன்று சக்கரம் அவர்களுடையது, ஒன்று நம்முடையது என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். கிண்டலாக இருந்தாலும் கணக்கு சரி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் துருக்கி. இந்தப் பக்கம் பல்கேரியா, அதாவது நாங்கள். எங்களையும் சேர்த்து ஒன்றியமாகக் கூடிய இருபத்தெட்டு ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான வெளிவாசல் எங்கள் ஸ்த்ராஞ்சா மலைக்காட்டில் இருப்பதால், அந்த வாசலைக் காக்கிற செலவில் முக்கால் பங்கைப் பொது நிதி கொடுக்கும். கால் பங்கை எங்கள் அரசு போட வேண்டும்.

வண்டி, அதன் கம்பத்து உச்சியில் இருக்கும் வெப்பக் கேமரா, உள்ளே இருக்கும் திரை எல்லாம் முக்கால் பங்கில் வந்தவை. டீசல் கால் பங்கில் சேர்த்தி. அதனால் கேமரா மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் ஓடும் முயலைக்கூடக் காட்டும், ஆனால் வண்டிக்குள் ஹீட்டர் போட டீசல் இருக்காது. நான் டிரைவர் கிரியாக். திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர் ஸ்தாமத் அண்ணன். இரண்டு பேரும் கம்பளி சுற்றிக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் தெற்கே பார்த்தபடி இருப்போம்.

தெற்கே மட்டும்தான் பார்க்க வேண்டும். அது விதி. பொதுப் பணத்தில் வாங்கிய பொருள் பொது எல்லைக்கு மட்டும். கேமரா எந்தத் திசையில் எத்தனை நிமிடம் பார்த்தது என்பது அதன் வயிற்றுக்குள்ளேயே பதிவாகிவிடும். பக்கத்துச் சாவடியில் ஒருவன் தங்கை கல்யாணத்துக்கு இதே மாதிரி வண்டியில் இரண்டு செம்மறிக் கிடாக்களை ஏற்றிக்கொண்டு போனான். தணிக்கைக்காரர்கள் வந்து வண்டியின் முழு விலையையும் திருப்பிக் கேட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் தலைவர் மருலேவுக்குத் தூக்கம் போயிற்று.

ஸ்தாமத் அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. திரையில் வெள்ளை வெள்ளையாக நகர்வதைப் பார்த்தே அது பன்றியா, மானா, மனிதனா என்று சொல்லிவிடுவார். மனிதன் என்றால் களைத்தவனா, குழந்தையைத் தூக்கி வருபவனா என்பதும் தெரியும். ஆனால் அந்த 2014ஆம் வருடம் அவரை ஒரு இடத்தில் உட்காரவைப்பது பெரிய பாடாக இருந்தது. உட்காருவார், எழுந்திருப்பார், கதவைத் திறப்பார், மூடுவார். காரணம் கெரானா அண்ணி.

அண்ணிக்கு மறதி நோய். ஐம்பத்தைந்து வயதுக்கு வருகிற நோயா அது என்று எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். மறப்பதோடு நின்றிருந்தால் சமாளித்திருக்கலாம். அண்ணி நடக்க ஆரம்பித்துவிட்டார். கதவு திறந்திருந்தால் போதும், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கே என்று கேட்டால் "இதோ வந்துடறேன்" என்பார். மகள் ஸ்பெயினில் யார் வீட்டிலோ தரை துடைக்கிறாள். பகலில் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு லம்ப்ரினாவைத் தவிர ஆள் இல்லை. அண்ணன் வேலையை விட்டால் மாத்திரைக்குக் காசில்லை. ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

அரை மணிக்கு ஒரு தடவை லம்ப்ரினாவுக்குப் போன் போடுவார். எங்கள் இடத்தில் போன் தானாகவே துருக்கிக் கோபுரத்துக்குத் தாவிவிடும், நிமிடத்துக்கு இரண்டு லெவா போய்விடும். ஆகவே அண்ணன் வண்டியின் கூரைமேல் ஏறி நின்று பேசுவார். அங்கே நின்றால் நம் கோபுரம் கிடைக்கும்.

"என்ன பண்றா?"

"பீன்ஸ் உரிச்சிட்டிருக்கா. அரை மணிக்கு முன்னாடியும் அதைத்தான் பண்ணினா" என்பாள் லம்ப்ரினா. அவள் குரல் எனக்கே கீழே கேட்கும்.

"கதவு?"

"பூட்டியிருக்கு. சாவி என் மாருக்குள்ள இருக்கு. வந்து பாக்கறியா?"

அண்ணன் இறங்கி வந்து திரைக்கு முன்னால் உட்காருவார். கண் தெற்கே இருக்கும். மனசு முதுகுப்பக்கம் நான்கு கிலோமீட்டர் தள்ளி, அந்தப் பீன்ஸ் கிண்ணத்தருகே இருக்கும். நான் எத்தனை கிண்டல் செய்தும் சிரிக்க மாட்டார்.

நவம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்தே தூறல். மூன்றரை மணிக்கு லம்ப்ரினாவே கூப்பிட்டாள். அவள் தானாகக் கூப்பிட்டதே கிடையாது. அண்ணன் கூரைக்கு ஏறவில்லை, இருந்த இடத்திலேயே எடுத்தார்.

"ஸ்தாமத், ஆட்டைக் கொட்டில்ல அடைக்கப் போனேன். பத்து நிமிஷம்கூட ஆகல. ஜன்னல் வழியா இறங்கிப் போயிட்டா."

"எந்தப் பக்கம்?"

"தெரியலப்பா. மேலங்கிகூடப் போடல. நான் சர்ச் வரைக்கும் ஓடிப் பாத்துட்டேன்."

அண்ணன் போனைக் கீழே வைத்தார். தூறல் சற்று நேரத்தில் பனிக்கட்டியாக மாறும் குளிர் அது. இன்னும் ஒரு மணி நேரத்தில் வெளிச்சம் போய்விடும். ஊருக்கும் எங்களுக்கும் நடுவில் கருவாலிக் காடு. அதில் மேலங்கி இல்லாமல் ஒருவர் ராத்திரி வரை தாங்க மாட்டார். இதை அவர் எனக்குச் சொல்லத் தேவை இருக்கவில்லை.

கேமராவைத் திருப்பும் பிடியின்மேல் கையை வைத்தார்.

"அண்ணே, திருப்பாதீங்க. மருலேவுக்குச் சொல்லி நாலு பேரை அனுப்பச் சொல்லுவோம்."

"நாலு பேரு வந்து காட்டை அலசி முடிக்க ரெண்டு மணி நேரம் ஆகும்டா."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

கம்பத்து உச்சியில் மோட்டார் முனகியது. அந்தக் கேமரா வாங்கி இரண்டு வருடத்தில் முதல்முறையாக வடக்கே திரும்பியது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காட்டை உள்பக்கமாகப் பார்ப்பது அண்ணனுக்குப் புதிதல்ல. பத்தொன்பது வயதில் அவர் இதே மலையில் கட்டாயப் பட்டாளச் சேவை செய்தவர். கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த அந்தக் காலத்தில் காவல்காரன் முகம் வடக்கே இருக்கும். வெளியே இருந்து யாரும் வரவில்லை, உள்ளே இருந்துதான் தப்பி ஓடினார்கள். அண்ணன் ஒரு தம்பதியைப் பிடித்துக் கொடுத்தார், கிழக்கு ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர்கள். பரிசாகப் பதினைந்து நாள் விடுப்பு கிடைத்தது. அந்த விடுப்பில்தான் கெரானா அண்ணியைக் கல்யாணம் செய்துகொண்டார். "ரெண்டு பேரை ஜெயிலுக்கு அனுப்பி என்னைக் கட்டிக்கிட்டாரு" என்று அண்ணி நாலு பேர் முன்னாலேயே சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிக்க மாட்டார்.

ஆகையால் எந்தப் பள்ளத்தில் ஆள் ஒதுங்குவார்கள், எந்தப் பாறை மழைக்குத் தாங்கும் என்பதெல்லாம் அண்ணனுக்கு அத்துப்படி. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நரி, ஒரு பன்றிக் கூட்டம், யாரோ தேடாமல் விட்ட பசு. நெற்றியில் வேர்த்திருந்தது, அந்தக் குளிரில். இருபது நிமிடம் ஆயிற்று, முப்பது ஆயிற்று. பழைய சுண்ணாம்புக் காளவாய்க்குப் பக்கத்தில் படம் நின்றது.

வெள்ளையாக ஒரு பெரிய உருண்டை தெரிந்தது. முதலில் கரடி என்றுதான் நினைத்தேன். அண்ணன் கிட்டக் கொண்டுவந்தார். கரடி இல்லை, நான்கு தலைகள். நான்கு பேர் ஒருவரோடொருவர் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த தலை முன்னும் பின்னும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தால் அண்ணி அப்படித்தான் ஆடுவார்.

"அவதான்" என்றார் அண்ணன்.

"கூட இருக்கறது யாரு?"

கேட்டேனே தவிர, எனக்கும் தெரிந்ததுதான். எங்கள் ஊரில் மழை நாளில் காளவாய்க்குப் போக யாருக்கும் வேலை இல்லை. ஆற்றைத் தாண்டி, எங்கள் கேமராவுக்குத் தப்பி, உள்ளே வந்துவிட்டவர்கள் அவர்கள். இன்னும் ஒரு மலை ஏறினால் தார்ச்சாலை, அங்கே அவர்களை ஏற்றிப்போக வண்டி காத்திருக்கும். அங்கே போகாமல் ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது படத்திலேயே தெரிந்தது. ஓரத்தில் இருந்த உருவம் மற்ற மூன்றையும்விட மங்கலாக இருந்தது. தன் மேலங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்ட ஆள், நனைந்து போய் உடம்புச் சூடு இறங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் ரேடியோவை எடுத்து ரோந்து ஜீப்பைக் கூப்பிட்டார். இடத்தைச் சொன்னார், நான்கு பேர் என்று சொன்னார். எங்கள் வண்டி போக முடியாத சரிவு அது, ஜீப்பை விட்டால் அண்ணியைத் தூக்கிவர வழியில்லை. அவர்மேல் நான் குற்றம் சொல்லமாட்டேன், நானாக இருந்தாலும் கூப்பிட்டிருப்பேன். பிறகு கேமராவைத் தெற்கே திருப்பிவிட்டு இரண்டு பேரும் சேற்றில் ஓடினோம்.

ஜீப்புக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டோம். இரண்டு பையன்கள், ஒரு பெண். அந்தப் பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். அவளுடைய மேலங்கி அண்ணிமேல் இருந்தது. அண்ணியின் கால்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி அவளிடம் ஏதோ பீன்ஸ் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவள் புரிந்தவள்போல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அண்ணன் மூச்சிரைக்க நின்றார். வாயைத் திறந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தேனோ, அது வரவில்லை.

"கையைத் தூக்கு" என்று கத்தினார்.

பையன்கள் தூக்கினார்கள். அந்தப் பெண் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் அண்ணியின் கால்கள் சேற்றில் விழுந்திருக்கும். அவள் அண்ணனையே பார்த்தாள். அதற்குள் ஜீப் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் வண்டிக்குத் திரும்பியதும் பதிவேட்டை நான்தான் எழுதினேன். 'உள்பக்கம் சந்தேகத்துக்குரிய நடமாட்டம். கேமரா நாற்பத்தொரு நிமிடம் வடக்கே திருப்பப்பட்டது. மூன்று பேர் பிடிபட்டனர்.' என் வாழ்க்கையில் அத்தனை அழகான கையெழுத்தில் நான் எதையும் எழுதியதில்லை. ஒரு மனுஷனின் வேலையைக் காப்பாற்றுகிறோம் என்று பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் அண்ணன் அந்த மேலங்கியைத் துவைத்து எடுத்துக்கொண்டு, அவர்களை வைத்திருந்த முகாமுக்கு பஸ் ஏறிப் போனார். வேறு இடத்துக்கு மாற்றியாகிவிட்டது என்றார்கள். எங்கே என்று சொல்லவில்லை. மூன்று தடவை போய்வந்தார்.

பிப்ரவரியில் தணிக்கை வந்தது. துலிக்கி என்று ஒரு பின்லாந்துப் பெண்மணி, கூட ஒரு மொழிபெயர்ப்பாளன். கெட்டவர் இல்லை. மருலேவ் வரவழைத்த பாலாடைக்கட்டி வைத்த பனிட்ஸாவைச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். பிறகு கேமராவின் பதிவைப் பிரித்து வைத்து, அந்த நாற்பத்தொரு நிமிடத்தின்மேல் பென்சிலை வைத்தார்.

மருலேவ் முந்திக்கொண்டார். "மேடம், பதிவேட்டுலயே இருக்குது. மூணு பேரைப் பிடிச்சிருக்கோம்."

துலிக்கி படிக்கச் சொல்லிக் கேட்டார். தலையசைத்தார். அப்படியானால் அது எல்லை வேலைதான், செலவு செல்லும் என்றார். அண்ணனைப் பார்த்து, "சரிதானே?" என்று மட்டும் கேட்டார். சம்பிரதாயத்துக்கு.

நான் மேஜைக்கடியில் அண்ணனின் காலை மிதித்தேன்.

"அது என் கையெழுத்து இல்லீங்க" என்றார் அண்ணன். "நான் யாரையும் பிடிக்கத் திருப்பல. என் பொண்டாட்டியைத் தேடித் திருப்பினேன். எனக்கு முன்னாடியே அவங்க அவளைக் கண்டுபிடிச்சு வச்சிருந்தாங்க. தார்ரோட்டுக்குப் போயிருந்தா தப்பிச்சிருப்பாங்க. போகல. நான் போய் ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருக்கணும். கையைத் தூக்குன்னு சொன்னேன்."

மொழிபெயர்ப்பாளன் முதல் பாதியைச் சொன்னான். கடைசி வாக்கியம் வந்ததும் நிறுத்திவிட்டான். துலிக்கி அவன் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார். மருலேவ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணன் அன்றைக்கே சீருடையை மடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். இப்போது பக்கத்து எஸ்டேட்டில் விறகு வெட்டுகிறார், அண்ணியைக் கூடவே கூட்டிப்போகிறார். வசந்தத்தில் அறிக்கை வந்தது. அண்ணன் பேசியது அதில் எங்கேயும் இல்லை. நான் எழுதியதுதான் இருந்தது, வரிக்கு வரி. நாற்பத்தொரு நிமிடமும் ஏற்கத்தக்க செலவு. என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. திரைக்கு முன்னால் உட்காருவதும் இப்போது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்ததும் அப்படியே அவர்கள் வீட்டுக்குப் போவேன். அண்ணிக்கு என் பெயர் மறந்துவிட்டது, மகளின் பெயரும் மறந்துவிட்டது. ஆனால் என் சீருடையைப் பார்த்ததும் ஒன்றை மட்டும் கேட்காமல் விடமாட்டார்.

"தம்பி, அந்தப் பொண்ணு வீடு போய்ச் சேந்துட்டாளா?"

அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து வெளியே போய்விடுவார்.

"சேந்துட்டா அண்ணி" என்பேன்.