ரொட்டி போட்டு மீன் பிடித்த கொக்கு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் அவளுக்கு 'அளப்பு அக்கா' என்று பெயர் விழுந்து ஒன்பது வருடம் ஆகிறது. எல்லாம் ஒரே ஒரு நாள் கூத்து. உலர்த்தும் எந்திரத்திலிருந்து கிளம்பிய நீராவியைப் புகை என்று நினைத்து, தீ தீ என்று கத்திக்கொண்டே நாலு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டாள். காயவைத்து மடித்திருந்த எண்பது படுக்கை விரிப்புகளும் தெப்பலாக நனைந்தன. அதோடு சரி. அப்புறம் மழை வருகிறது என்று அவள் சொன்னால்கூட, கூடத்து ஆட்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்கள். அவர்களுக்குச் சிரிப்பு; அவளுக்கோ எரிச்சல்.

அப்படிப்பட்டவள் கண்ணிலா அது பட வேண்டும்! ஒரு காலை, வேலைக்குப் போகுமுன் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தாள். யாரோ போட்டுவிட்டுப் போன ரொட்டித் துண்டை ஒரு கொக்கு கொத்தியது. தின்னவில்லை. தண்ணீரில் போட்டுவிட்டு ஆடாமல் அசையாமல் நின்றது. ரொட்டி மிதந்து நகர்ந்ததும் எடுத்து வந்து பழைய இடத்திலேயே போட்டது. ரொட்டியைக் கடிக்க வந்த மீன் கொக்கின் வாய்க்குள் போனது.

போய்ச் சொன்னாள். சொல்லாமல் இருக்க முடியுமா? கூடமே சிரித்தது. எந்திரம் பார்க்கும் அண்ணன், அந்தப் பட்டப்பெயரை வைத்த புண்ணியவான், கொக்கு தூண்டிலை எந்தக் கடையில் வாங்கியது என்று அக்கறையாக விசாரித்தார். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நாளைக்குக் காலைல ஏரிக்கு வாங்கண்ணே. நான் சொன்னது பொய்னா இனிமே இந்தக் கூடத்துல வாயே திறக்க மாட்டேன்."

வந்தார். சலவைக்கூடத்து ஆளாயிற்றே, வெறுந்தரையில் உட்காருவாரா? கழித்துப் போட்ட விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து கரையில் விரித்தார். அவளும் பழக்கதோஷத்தில் ஒரு மூலையை இழுத்துச் சுருக்கம் எடுத்தாள். பிறகு, தான் கொண்டுவந்த ரொட்டித் துண்டைக் கரையோரம் போட்டாள். அரை மணி ஓடியது. கொக்கு எதிர்க்கரையை விட்டு நகரவில்லை. அண்ணன் கொட்டாவி விட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று அவள் தலையைக் குனிந்தபோதுதான் கண்ணைக் கூசவைக்கும் அந்த வெள்ளை உறைத்தது. விரிப்பின் ஓரம் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எந்தப் பறவை கிட்டே வரும்?

அண்ணனை எழுப்பினாள், விரிப்பைச் சுருட்டினாள், அதன் மேலேயே உட்கார்ந்து மறைத்துக்கொண்டாள். அண்ணனுக்கு ஈரச் சேறுதான் வாய்த்தது.

கொக்கு வந்தது. ரொட்டியை எடுத்தது, போட்டது, நகர்ந்ததைத் திரும்ப எடுத்துப் போட்டது. சடக்கென்று ஒரு கொத்து, மீன் துள்ளியது. அண்ணன் பிளந்த வாயை மூடவே இல்லை. அவளுக்கோ எழுந்து குதிக்கவேண்டும் போலிருந்தது. கொக்குக்காக அடக்கிக்கொண்டாள்.

கூடத்துக்குள் நுழைந்ததுமே அண்ணன் ஆரம்பித்துவிட்டார். மூன்று மீனாம், ஒவ்வொன்றும் முழங்கை நீளமாம். அளப்பு இவருக்கும் தொற்றிவிட்டது என்று எல்லாரும் சிரிக்க, அவர் தவித்துப்போய் அவள் பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லும்மா. நீ சொன்னாத்தான் நம்புவாங்க."

இஸ்திரிப்பெட்டிகள் நின்றன. அத்தனை முகமும் அவளைப் பார்த்தது.

"ஒரு மீன்தாண்ணே," என்றாள் நிதானமாக. "விரல் நீளம் இருக்கும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த ஒரு மீனை எல்லாரும் நம்பினார்கள்.