மடுல்கெல்லையில் விண் இல்லாத பட்டம்

யுத்தம். யாழ்ப்பாணப் பாதை பூட்டு. இந்தத் தைப்பொங்கலுக்கு யாழ்ப்பாணம் போக முடியவில்லை. மலைநாட்டுப் பல்கலைக்கழக அறையில் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் இந்நேரம் வயல்வெளிக்கு மேல் பட்டங்கள் ஏறியிருக்கும். என்னோடு படித்த யோகராஜ் மடுல்கெல்லைத் தோட்டப் பள்ளியில் படிப்பிக்கிறான். ஃபோனில் சொன்னான்: "இங்க காத்து இருக்கு மச்சான். வந்து ஏத்து." அவ்வளவுதான் காரணம்.

மூன்று நாள் இருந்து பருந்து வடிவில் ஒரு பட்டம் கட்டினேன். இறக்கை நான்கடி. பிரம்பு வில்லில் நாரை இழுத்துக் கட்டி உச்சியில் பொருத்துவதை விண் என்போம். காற்றில் அது தூரத்துக்குக் கேட்கும்படி கூவும். எங்கள் பக்கத்தில் விண் இல்லாததைப் பட்டம் என்று சொல்வதே இல்லை. யோசிக்காமல் இதற்கும் விண் கட்டினேன்.

சனிக்கிழமை காலை 7.20, குட்ஷெட் பஸ் நிலையம். வத்தேகமவுக்குப் பதினான்கு கிலோமீற்றர், ஐம்பது நிமிடம், இருபத்திரண்டு ரூபாய். நகரைத் தாண்டியதும் சோதனைச் சாவடி. அடையாள அட்டையில் என் முகவரியைச் சிப்பாய் இரண்டு தரம் வாசித்தான். தாளில் சுற்றிய பொதியைத் தடவினான். "சருங்கலய," என்றேன், சிங்களத்தில் பட்டம். அவனுக்கும் என் வயதுதான் இருக்கும். கையைக் காட்டினான், போ என்று. பஸ் முழுக்க எனக்காக ஆறு நிமிடம் காத்திருந்தது. அதுதான் கூடக் களைப்பு.

வத்தேகமவில் தேநீரும் பணிஸும். 9.10க்கு அடுத்த பஸ், ஒன்றேகால் மணி நேரம், முழுக்க வளைவுகள். சந்தியிலிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீற்றர்; முச்சக்கரவண்டி நூற்றைம்பது ரூபாய்.

"சார் பள்ளிக்கூடமா, போலீஸா?" என்றார் சாரதி.

"பள்ளிக்கூடம்."

"அப்ப காசு கேக்கலாம்."

யோகராஜ் வாசலிலேயே ஒரு தாளை நீட்டினான். வெளியாள் தங்குவதற்கான பொலிஸ் பதிவு. "நாளை வரைக்கும் நான்தான் ஒனக்குப் பொறுப்பு. கையெழுத்துப் போட்டிருக்கேன்." போன வருட இராணுவச் சுற்றிவளைப்பில் அவன் தம்பியைப் பிடித்துப் பதினொரு கிழமை வைத்திருந்தார்கள்.

பிற்பகல் 2.40. பள்ளிக்கு மேலே ஒரு மொட்டை மேடு. காற்று பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வருகிறது. முதல் இழுப்பிலேயே பட்டம் எழுந்தது. ஐம்பது யார் உயரம். நூறு. சற்றுத் தள்ளி உண்மையான பருந்து ஒன்று இறக்கை அசைக்காமல் வட்டமிட்டது. பிறகு விண் கூவியது. ஒரு வருடத்துக்குப் பிறகு கேட்கிறேன். நூல் கையில் அதிர்ந்தது. கொஞ்ச நேரம் நான் அங்கே இல்லை.

கீழே தேயிலைக் கொழுந்து பறித்த பெண்கள் மேலே பார்க்கவில்லை. குனிந்தார்கள். சிலர் கூடையோடு செடிகளுக்குள் உட்கார்ந்தார்கள். ஒருத்தி லயத்து வீடுகளை நோக்கி ஓடினாள், பிள்ளையைத் தேடி.

அப்போதுதான் விளங்கியது. எங்கள் காது விண்ணையும் குண்டு போடும் விமானத்தையும் பிரித்தறியும். சின்ன வயதிலிருந்தே பழக்கம். இங்கே பட்டத்துக்கு விண் கட்டுவதில்லை. விமானப் பயம் மட்டும் இந்த வருடம் வந்து சேர்ந்துவிட்டது.

வேலையை மேற்பார்க்கும் கங்காணி மூச்சு வாங்க ஏறி வந்தார். "சார், யாழ்ப்பாணத்துப் பட்டத்துக்கு வாயே மூடாதா?"

"அது விண் அண்ணை. பயப்பிடாதேங்கோ."

"எனக்கென்ன பயம். ஆமி கேம்ப் அந்த மலைக்கு அந்தாண்டதான். சத்தம் கேட்டா யாரக் கூப்புடுவான்? ஒங்களையா? மாஸ்டரத்தான்."

யோகராஜ் நூலைப் பார்த்தபடி நின்றான். "அஞ்சு நிமிசம் விடட்டும்ண்ணே," என்றான், என்னைப் பார்க்காமல்.

நான் நூலைச் சுற்றத் தொடங்கினேன். இறக்க இருபது நிமிடம் எடுத்தது. விண் கடைசிவரை கூவியது. பாதி தூரத்தில் கீழே வீதியில் ஒரு ஜீப். பள்ளி வாசலில் வேகம் குறைந்தது. யோகராஜ் சட்டைப் பையில் அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்தான். ஜீப் நின்றது. எவ்வளவு நேரமென்று நான் பார்க்கவில்லை. பிறகு போய்விட்டது.

விண்ணைக் கழற்றிவிட்டு மறுபடி ஏற்றினோம். சத்தமில்லாமல் போனது, முன்பைவிட உயரமாக. நூலை யோகராஜிடம் கொடுத்தேன். செடிகளுக்குள்ளிருந்து ஒருத்தி எழுந்து அண்ணாந்தாள். "இப்பதான் பட்டமாத் தெரியுது மாஸ்டர்."

உயரப் பறத்தல் என்று நிறைய எழுதியிருக்கிறேன். உயரத்தில் இருப்பது எல்லோர் கண்ணிலும் படும் என்று ஒரு தடவையும் எழுதவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: காலை பஸ்ஸையே பிடியுங்கள். திரும்பி வரக் கடைசி பஸ் 4.45க்கு. அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் கையில் இருக்கட்டும். காற்று இரண்டரைக்குப் பிறகுதான் நன்றாக வரும். பட்டம் கொண்டுபோனால் விண்ணை அறையில் விட்டுவிட்டுப் போங்கள். உங்களுக்காகக் கையெழுத்துப் போட்டவர் கீழே நின்றுகொண்டிருப்பார்.