புள்ளி குறைந்த பதில்

என் மனைவி தாவரவியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அதன்பின் சமூக ஊடகத்தில் ஒரு வேளாண்மைக் குழுவில், எங்கள் மாவட்டத்து வாழை விவசாயிகளின் கேள்விகளுக்குத் தினமும் பதில் எழுதிவந்தாள்.

நான் புள்ளியியல் கற்பித்தவன். அந்தத் தளத்தின் ஏற்பாடு என்னைக் கவர்ந்தது. பதில் பயன்பட்டதென்று பிறர் அழுத்தினால் புள்ளி; பயனில்லையென்று அழுத்தினால் புள்ளி குறையும். புள்ளிகள் சேர்ந்தால் பெயரருகே ஒரு நட்சத்திரம். நட்சத்திரம் பெற்றவரைப் பின்தொடரும்படி தளமே புதியவர்களுக்குப் பரிந்துரைக்கும். நட்சத்திரம் வருமுன் அவளைப் பின்தொடர்ந்தவர்கள் சிலர்தான். அவர்களும் ஓயாமல் மல்லுக்கட்டுவார்கள். "டீச்சரே, அது எங்க மண்ணுக்குச் சரிப்படாது, கேட்டியளா?" அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. நட்சத்திரம் வந்த பிறகு ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள்.

"பதிலப் படிக்குததுக்கு முன்னாலேயே நன்றி போடுதாங்க," என்றாள் ஒருநாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மயிலாடிப் பக்கம் ஒருவர் ஓணத்துக்குக் குலை வெட்டும்படி நாள் பார்த்து ஏத்தன் வாழை நட்டிருந்தார். சில கன்றுகளில் இலைகள் குறுகி நிமிர்ந்து நிற்பதாகப் படம் அனுப்பினார். துத்தநாகச் சத்துக் குறைவு, கரைசல் தெளித்தால் போதும் என்று இவள் எழுதினாள். பாராட்டுகள் குவிந்தன. பலர் தங்கள் தோட்டத்துக்கென்று அதைச் சேமித்தும் கொண்டார்கள். படமும் புள்ளியும் இல்லாத ஒரு கணக்கிலிருந்து மட்டும் ஒரு வரி வந்தது: "இது முடிக்கொத்து நோயாக்கும். இலைக்காம்புல கரும்பச்சைக் கோடு இருக்கான்னு பாருங்க." அதன் கீழே ஒருவன், "ஏலே, நட்சத்திரத்துக்கே பாடம் எடுக்கியா?" என்று கேட்டிருந்தான். புள்ளியில்லாதவரின் சொல் பட்டியலின் அடிக்குப் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்துத்தான் அது அவள் கண்ணில் பட்டது. மறுநாள் காலையிலேயே வடசேரியில் மயிலாடி பஸ் ஏறினோம்.

தோட்டக்காரர் வரப்பில் நின்று, "அவ்வளவு பேரு சரின்னு போட்டிருக்காவளே, பொறவு எதுக்கு டீச்சரே அலையுதிய?" என்றார்.

"போட்டவன் எவனாவது உம்ம வாழையப் பாத்தானா மக்கா?" என்று சொல்லிக்கொண்டே அவள் காம்பைத் திருப்பினாள். கோடுகள் இருந்தன. நோய் வந்த வாழையைக் கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். தாமதித்தால் சாறு உறிஞ்சும் செடிப்பேன் அதைத் தோட்டம் முழுக்கக் கொண்டுபோய்விடும். நாங்கள் நிற்கையிலேயே அவர் மண்வெட்டியை எடுத்தார்.

திரும்பும் வழியில் நான் அவளுக்கு ஓர் ஆலோசனை சொன்னேன். பதிலை நீக்கிவிட்டால் பெற்ற புள்ளிகள் குறையாது. அது அந்தத் தளத்தின் விதி. "அழிச்சிரு. யாருக்குத் தெரியப் போகுது?"

"அதச் சேமிச்சு வச்சிருக்கவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.



அன்று மாலை, பழைய பதிலை அப்படியே விட்டு அதன் தலையில் எழுதினாள்: "நான் சொன்னது தவறு. கீழே ஒருவர் சரியாகச் சொல்லியிருக்கிறார். கரைசல் தெளித்துக் காத்திருக்க வேண்டாம்; காம்பைப் பாருங்கள்." நன்றி போட்டவர்களுக்கு ஒவ்வொருவராகத் தனிச்செய்தி அனுப்பினாள். நான்கு நாள் பிடித்தது. எதிர்வாக்குகள் விழுந்தன, நட்சத்திரம் மறைந்தது, பின்தொடர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் விலகினார்கள். எட்டுப் பேர் தங்கள் தோட்டத்திலும் கோடு கண்டு தோண்டிவிட்டதாக எழுதினார்கள். அந்த எட்டுச் செய்திகளையும் அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். மயிலாடித் தோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மிச்சம் ஓணத்துக்கு வெட்டப்பட்டது.

சென்ற தை மாதம் அவள் இறந்தாள். நினைவுக் கூட்டத்துக்குச் சிறு புத்தகம் ஒன்று அச்சிட அவளுடைய பழைய மாணவி வந்திருந்தாள்.

"அதிகப் புள்ளி வாங்கின பத்துப் பதில எடுத்துத் தருவீங்களா சார்?"

நான் புள்ளிப் பட்டியலின் கடைசிக்குப் போய் ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டுத் தயங்கினாள்.

"சார், இதுல மேடமே தப்புன்னுல்லா எழுதியிருக்காங்க?"

"ஆமாம்மா. இதை முதல் பக்கத்தில் போடு."